நூறு வருடப் பழைய ஆபீஸ் கட்டடத்தில் ஒரு பெட்ரூம் காண்டோ: சிகாகோவில் வாங்கலாமா?

கேள்வி, மார்ச் 3, 2024
சிகாகோ டவுன்டவுனில் வேலை, தனியாள், வாடகை மாதம் 2,300 டாலர். டியர்பார்ன் தெருவில் 1890களில் கட்டிய ஆபீஸ் கட்டடம் ஒன்றைக் காண்டோவாக, அதாவது தனித்தனியாக விற்கும் வீடுகளாக, மாற்றியிருக்கிறார்கள். அதில் ஒரு பெட்ரூம் 2,05,000-க்கு வருகிறது. 11 அடி உயரக் கூரை, ஆளுயர ஜன்னல், பளிங்கு பதித்த வராந்தா. நாலு தெரு தள்ளிப் புதுக் கட்டடத்தில் இதே அளவு வீடு 3,40,000. அசெஸ்மென்ட் (கட்டடப் பராமரிப்புக்கு உரிமையாளர்கள் கட்டும் தொகை) மாதம் 640. இவ்வளவு மலிவாக இருக்கிறதென்றால் எங்கேயோ இடிக்கிறது. எங்கே?

பதில், மார்ச் 3, இரவு
நான் இருப்பது அதே தெரு, வேறு கட்டடம். 2022 ஏப்ரலில் 2,10,000-க்கு வாங்கினேன். கட்டடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். போர்டில் (உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகக் குழு) இருப்பவர்களோடு தினமும் லிஃப்டில் போக வேண்டியிருக்கிறது.

640-ஐப் பார்க்காதீர்கள். எதிர் நடைபாதையில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். சாரம் கட்டியிருக்கிறதா? நடைபாதைக்கு மேல் பலகைப் பந்தல் போட்டிருக்கிறதா? பக்கத்துக் கட்டடத்தில் இருந்து, உங்கள் கட்டடத்தில் இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 4
சாரம் என்றால் என்ன பயம் என்று கேட்கிறார் ஒருவர். சொல்கிறேன்.

அந்தக் காலத்து சிகாகோ கட்டடங்களுக்கு உள்ளே இரும்பு எலும்புக்கூடு. வெளியே தெரிகிற செங்கல்லும் பூவேலை செய்த சுடுமண் வில்லைகளும் அதன் மேல் போர்த்திய சட்டை. வில்லைகளைப் பிடித்து நிற்பவை இரும்புக் கொக்கிகள். நூறு வருடமாக மழையும் பனியும் மூட்டு வழியே உள்ளே இறங்குகின்றன. இரும்பு துருப்பிடித்தால் ஊதும், பழைய கன அளவைப் போலப் பல மடங்கு ஆகும். உள்ளிருந்து நெம்பினால் சுடுமண் விரியும், ஒரு நாள் கழன்று விழும். பதினைந்தாவது மாடியிலிருந்து தேங்காய் அளவு வில்லை விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். 1999 அக்டோபரில் வாபாஷ் தெருவில் உயரமான ஆபீஸ் ஒன்றிலிருந்து ஜன்னல் கண்ணாடி விழுந்து, மகளைக் கையில் பிடித்தபடி நடந்து போன பெண் இறந்துபோனார். நகராட்சி இந்த விஷயத்தில் விளையாடுவதில்லை. 80 அடிக்கு மேலுள்ள கட்டடம் எல்லாம் வெளிச்சுவரைப் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டும். உலோகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நாலு, எட்டு அல்லது பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை. நடுவில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மேலோட்டமான அறிக்கை. நம் மாதிரிப் பழைய கட்டடங்களுக்குப் பன்னிரண்டு வாய்ப்பது அபூர்வம்.

நான் வாங்கி ஐந்தே மாதம். வெளிச்சுவர் வேலைக்கு 21 லட்சம் டாலர், ரிசர்வில் (சங்கத்தின் சேமிப்பு நிதி) இருப்பது 4 லட்சம், மீதி 17 லட்சத்தை உரிமையாளர்கள் பகிர வேண்டும் என்று கடிதம் வந்தது. என் பங்கு 0.71 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12,070 டாலர். 24 தவணையாகக் கட்டலாம் என்று கருணை காட்டினார்கள். அசெஸ்மென்ட் 612, அதற்கு மேல் மாதம் 503. தவணை இந்த டிசம்பரில்தான் முடிகிறது.

மார்ச் 6
640-ஐப் பார்க்காதீர்கள் என்று சொன்னது தப்பு. பாருங்கள். அந்த 640-ல் ரிசர்வுக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். அசெஸ்மென்ட் குறைவாக இருக்கும் பழைய கட்டடம்தான் ஆபத்து. "பத்து வருடமாக நாங்கள் ஏற்றவே இல்லை" என்று ரியல்டர் (வீட்டுத் தரகர்) பெருமையாகச் சொன்னால், பத்து வருடமாக உண்டியலில் காசு போடவில்லை என்று பொருள். என்னிடம் அதைத்தான் சொன்னார். நானும் பல்லைக் காட்டினேன்.

கடன் வாங்குகிறீர்கள் என்றால் இதை வங்கியும் பார்க்கும். 2021 ஜூனில் மயாமி பக்கம் சர்ஃப்சைடில் காண்டோ இடிந்து 98 பேர் இறந்த பிறகு, வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம், அசோசியேஷன்களுக்கு (உரிமையாளர் சங்கங்களுக்கு) வங்கிகள் அனுப்பும் கேள்வித்தாளை நீட்டிவிட்டது. ஒத்திப்போட்ட பழுது இருக்கிறதா, ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (எனக்கு வந்தது போல மாதத் தொகைக்கு மேல் கேட்பது) உண்டா, பட்ஜெட்டில் குறைந்தது 10 சதவீதம் ரிசர்வுக்குப் போகிறதா என்றெல்லாம் கேட்கும். கீழ்த்தளத்தில் கடைகள் இருக்கின்றன அல்லவா? வணிக இடம் மொத்தத்தில் 35 சதவீதத்தைத் தாண்டினாலும் சிக்கல். பழைய ஆபீஸ் கட்டடங்களில் முதல் இரண்டு மூன்று தளம் இன்னும் ஆபீஸாகவே இருப்பதுண்டு. உங்களுக்குக் கடன் கிடைக்காவிட்டால் போகட்டும். நாளை உங்களிடம் வாங்க வருபவனுக்கும் கிடைக்காது, அதுதான் விஷயம்.

மார்ச் 9
பெட்ரூமுக்கு ஜன்னல் இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டேன்.

எனக்கு இல்லை. ஆபீஸ் கட்டடத்தில் ஜன்னல் ஒரு பக்கம்தான், வராந்தா மறு பக்கம். நடுவில் இருக்கிற நீள அறையை வீடாக்கும்போது ஜன்னல் பக்கத்தை ஹாலுக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி பெட்ரூம் என்கிறார்கள். தடுப்பு கூரை வரை போகாது. மேலே இரண்டடி திறப்பு, அதன் வழியே ஹாலிலிருந்து வெளிச்சமும் காற்றும் வரவேண்டும். வெளிச்சம் வருகிறதோ இல்லையோ, டிவி சத்தம் வரும். பெட்ரூமில் நடக்கும் போன் பேச்சு ஹாலுக்குப் போகும். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது இரண்டு மாதம் நான் கிசுகிசுப்பாகவே பேசினேன். கடைசியில் அம்மாவே, "அதெல்லாம் கேக்கத்தான் செய்யுதுடா, சத்தமாவே பேசு" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் பழைய ஆபீஸ்களைக் குறை சொல்லக் கூடாது. மின்விளக்கு இன்னும் நம்பிக்கையாக வராத காலத்தில் கட்டியவை, அதனால் வெளிச்சத்துக்கு அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. டியர்பார்னில் மன்ஹாட்டன் பில்டிங் இருக்கிறது, 1891-ல் முடிந்தது, 16 மாடி, வில்லியம் லெ பாரன் ஜென்னி வடிவமைத்தது. முழு பாரத்தையும் இரும்புச் சட்டகமே தாங்கும் உயர்ந்த கட்டடங்களில் இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. இப்போது அதுவும் காண்டோதான். அதன் ஜன்னல்கள் சுவரை விட்டு வெளியே பிதுங்கி நிற்கும். அலங்காரத்துக்காக அல்ல, குறுகலான தெருவுக்குள் மூன்று பக்கத்திலிருந்தும் வெளிச்சத்தைப் பிடிப்பதற்காக. 1970களில் கட்டிய கண்ணாடிப் பெட்டி ஆபீஸ்களை வீடாக மாற்றுவதுதான் உண்மையான தலைவலி. டியூப்லைட்டை நம்பி அகலமாகக் கட்டிவிட்டார்கள், நடுப்பகுதிக்குப் பகலே வராது.

மார்ச் 10
ஆவி எதுவும் இல்லை. கேட்டவருக்கு நன்றி. ராத்திரி இரண்டு மணிக்குக் குழாய் தட்டுகிற சத்தம் மட்டும் வரும், யாரோ கிளார்க் டைப் அடிக்கிற மாதிரி.

மார்ச் 16
தரைச் சாய்வு. வீட்டைப் பார்க்கப் போகும்போது கையில் ரசமட்டம் கொண்டு போங்கள். வெட்கமாக இருந்தால் ஒரு எலுமிச்சம்பழம் போதும். நான் எதையும் கொண்டு போகவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு அம்மா வாசலில் வைத்த எலுமிச்சை தானாக உருண்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய் நின்றது. அம்மா அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். எனக்கு 14 அடியில் ஒன்றேகால் அங்குலம் இறக்கம் என்று பிறகு தெரிந்தது.

காரணம், சிகாகோவுக்கு அடியில் இருப்பது மெத்தைக் களிமண். பாறை வெகு ஆழத்தில். அந்தக் காலத்தில் பாறை வரை போகாமல், தண்டவாளக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட் ஊற்றி, அந்தத் தெப்பத்தின் மேல் கட்டடத்தை நிறுத்தினார்கள். டியர்பார்னிலேயே இருக்கும் மொனாட்னாக் பில்டிங்கின் வடக்குப் பாதி, அடியில் ஆறடி தடிமன் சுவர் கொண்டது, கிட்டத்தட்ட 20 அங்குலம் இறங்கியது. இன்றும் கம்பீரமாக நிற்கிறது, ஆபீஸாகவே. இறங்குவது தப்பில்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்குவதுதான் தப்பு.

மார்ச் 17
நேற்று எழுதியதில் பாதி தப்பு. எங்கள் கட்டடத்துக்கு வரும் இன்ஜினியரிடம் லிஃப்டில் கேட்டேன். என் வீட்டுச் சாய்வுக்கும் களிமண்ணுக்கும் சம்பந்தம் இல்லையாம். இரும்பு உத்தரங்களுக்கு நடுவே உள்ளீடற்ற சுட்ட களிமண் கட்டிகளைக் கோத்துத் தட்டையான வளைவு மாதிரி தளம் அமைத்து, அதன் மேல் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டி மட்டப்படுத்தியிருக்கிறார்கள். 1980களில் வீடாக மாற்றியவர்கள் அந்தச் சாம்பலைத் தோண்டிக் குழாய் ஓட்டி, அவசரமாக மூடியிருக்கிறார்கள். என் எலுமிச்சை உருண்டது 1980களின் சோம்பேறித்தனத்தால், 1890களின் மண்ணால் அல்ல.

இன்னொன்றும் சொன்னார், குறித்துக்கொள்ளுங்கள்: தளத்திலோ கூரையிலோ போர்டைக் கேட்காமல் துளை போடாதீர்கள். அந்தக் கட்டிகள் உடைந்தால் கீழ்வீட்டுக்காரர் தலையில்தான். ஊஞ்சல் மாட்டலாம் என்று இருந்தேன். விட்டுவிட்டேன்.

மார்ச் 23
தாளிப்பைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

சமையலறை கட்டடத்தின் நடுவில், வெளிச்சுவரிலிருந்து தூரத்தில் இருக்கும். அடுப்புக்கு மேல் இருக்கும் ஃபேன் புகையை வெளியே தள்ளாது. கரி வடிகட்டி வழியே இழுத்து, திரும்ப உங்கள் முகத்திலேயே ஊதும். மீன் குழம்பு வைத்தால் மூன்று நாள் மெத்தையில் மணக்கும், பெட்ரூம் தடுப்புக்கு மேல்தான் திறப்பு இருக்கிறதே. வராந்தாவில் 1890களின் பளிங்கு, மாடியில் போட்ட கடிதம் கீழே போய் விழும் பித்தளைக் கடிதக் குழாய், மொசைக் தரை, எல்லாவற்றுக்கும் மேல் என் வீட்டுக் கருவாட்டு வாசம். போர்டிலிருந்து "எல்லா உரிமையாளர்களுக்கும்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. எல்லா உரிமையாளர்களும் கருவாடு வறுப்பதில்லை. இப்போது அதை நண்பர் வீட்டுக் கொல்லையில் செய்துகொள்கிறேன், நேப்பர்வில் வரை 50 நிமிட ரயில்.

வீட்டைப் பார்க்கும்போது ஃபேனைப் போட்டு, ஒரு டிஷ்யூ காகிதத்தை மேல் விளிம்பில் பிடியுங்கள். உங்கள் பக்கம் பறந்தால் நான் சொன்ன கதைதான்.

மார்ச் 24
குறையாகவே எழுதுகிறேன் என்று கோபப்படுகிறார்கள். சரி, ஒரு நல்லது. முன்பு என் வீடு ஏதோ கணக்கு அலுவலகத்தின் பகுதியாக இருந்திருக்கிறது. சுவருக்குள் ஒரு பெட்டக அறை, இரண்டடிக்கு நாலடி, இரும்புக் கதவோடு. பூட்டுக்கு எண் யாருக்கும் தெரியாததால் கதவை மூட முடியாதபடி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் எங்கள் பூஜையறை. இரும்புக் கதவுக்குப் பின்னால் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார், டவுன்டவுனிலேயே பாதுகாப்பான பிள்ளையார். ஊதுபத்தி மட்டும் பேட்டரி.

ஏப்ரல் 2
ஜன்னலை மாற்றலாமா என்று கேட்டவருக்கு: இது தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இருக்கும் கட்டடம், அதனால் எதையும் தொட முடியாது.

ஏப்ரல் 3
நேற்று சொன்னதை அடித்துவிடுங்கள். இரண்டு பட்டியலைக் குழப்பிவிட்டேன். தேசியப் பதிவேட்டில் இருப்பது ஒரு மரியாதை. சொந்தப் பணத்தில் சொந்தக்காரர் செய்யும் வேலையை அது தடுக்காது. தடுப்பது சிகாகோ நகரத்தின் லேண்ட்மார்க் பட்டியல். அதில் இருந்தால் வெளிப்பக்கம் தொடும் ஒவ்வொரு பெர்மிட்டையும் லேண்ட்மார்க் ஆணையம் பார்க்கும். மன்ஹாட்டன் பில்டிங் இரண்டிலும் உண்டு, 1976-ல் ஒன்று, 1978-ல் மற்றது. நடைமுறையில் இதன் அர்த்தம், கடையில் கிடைக்கிற வினைல் ஜன்னலை வாங்கி மாட்ட முடியாது. அதே வடிவம், அதே சட்டக அகலம், அதே நிறம். ஒரு ஜன்னலுக்கு நான் வாங்கிய விலைப்புள்ளியைப் பார்த்துவிட்டு, இடுக்கில் துணியைச் செருகி இரண்டு குளிர்காலத்தை ஓட்டிவிட்டேன். ரயில் சத்தமும் அதே இடுக்கு வழியாகத்தான் வருகிறது. வேன் பியூரன் தெரு மேம்பாலத் தடம் 1897-லிருந்து அங்கே இருக்கிறது, நான் 2022-ல் வந்தவன், யாரைக் குறை சொல்வது?

ஏப்ரல் 20
வரி. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சலுகை உண்டு. வரலாற்றுக் கட்டடத்தை முறைப்படி புதுப்பித்து, சொந்தக்காரர்களே குடியிருந்தால், வரி மதிப்பை எட்டு வருடத்துக்கு உறைய வைப்பார்கள், அதுவும் புதுப்பிப்பதற்கு முன்பிருந்த அளவில். அதன் பின் நாலு வருடத்தில் படிப்படியாக இன்றைய மதிப்புக்கு ஏறும். கேட்க அமிர்தமாக இருக்கிறது. என் நண்பர் வேறொரு கட்டடத்தில் உறைந்த காலத்தின் ஏழாவது வருடத்தில் வாங்கினார். வீட்டு விளம்பரத்தில் போட்டிருந்த வரியை நம்பி மாதச் செலவைக் கணக்கிட்டார். ஐந்து வருடத்தில் இரண்டரை மடங்கு. பொய் எதுவும் சொல்லப்படவில்லை, அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். வாங்கும் முன் கவுன்டி மதிப்பீட்டாளரின் தளத்தில் அதே மாடியில், அதே அளவில் இருக்கும் வீடுகளைப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். க்ளோசிங் நாளில், அதாவது வீடு கைமாறும் நாளில், நகரத்துக்கு வாங்குபவர் கொடுக்கும் சொத்து மாற்ற வரி ஆயிரத்துக்கு ஏழரை டாலர். 2,05,000-க்கு ஏறக்குறைய 1,540. கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே 11
"லாசால் தெருவில் ஆபீஸ்களை எல்லாம் வீடாக்குகிறார்களே, அங்கே புதிதாக வாங்கிக்கொள்ளலாமே?" வாங்க முடியாது. அவை வாடகை வீடுகள். நகரம் 2022-ல் அறிவித்த திட்டத்தில் 30 சதவீதம் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்க வேண்டும், பதிலுக்கு நகரம் பணம் தருகிறது. அதைவிடப் பெரிய காரணம் மத்திய அரசின் 20 சதவீத வரலாற்று வரிச்சலுகை. வருமானம் ஈட்டும் கட்டடத்துக்குத்தான் அது கிடைக்கும், ஐந்து வருடத்துக்குள் விற்றால் திருப்பிக் கேட்பார்கள். எந்த பில்டர் அதை விட்டுவிட்டுத் துண்டு போட்டு விற்பான்? அதனால் பழைய ஆபீஸில் சொந்த வீடு வேண்டுமென்றால், பெரும்பாலும் 1980 முதல் 2008 வரை மாற்றியவைதான். அவர்கள் போட்ட குழாயும் ஏசியும் இப்போது தவணைக்கு வருகின்றன. பழையது என்று நாம் பயப்படுவது 1890-ஐ. செலவு வைப்பது 1985.

ஜூன் 15
கேள்வி கேட்டவர் அந்த வீடு கைமாறிவிட்டது என்றும், அதே கட்டடத்தில் ஒன்பதாவது மாடியில் இன்னொன்று வந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். சரி, காகிதத்துக்கு வருவோம்.

இல்லினாய் காண்டோ சட்டத்தின் 22.1 பிரிவுப்படி விற்பவர் அசோசியேஷனிடமிருந்து ஒரு கட்டுக் காகிதம் வாங்கித் தரவேண்டும். ரிசர்வ் எவ்வளவு, வழக்கு உண்டா, இந்த வருடமும் அடுத்த இரண்டு வருடமும் எதிர்பார்க்கும் பெரிய செலவு என்ன, எல்லாம் அதில் வரும். எனக்கும் வந்தது. எதிர்பார்க்கும் செலவு என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தது. பொய்யா? இல்லை. போர்டு இன்னும் ஓட்டெடுப்பு நடத்தவில்லை, அதனால் சட்டப்படி யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஒன்றரை வருடக் கூட்டக் குறிப்புகளில் நாலு இடத்தில் "வெளிச்சுவர் அறிக்கை, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு" என்று இருந்தது. வாங்கிய பிறகுதான் படித்தேன். வக்கீல் பார்வைக்கு ஐந்து வேலை நாள் உண்டு, என் வக்கீல் 22.1-ஐப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்றார். கூட்டக் குறிப்பை நான் கேட்டிருக்க வேண்டும்.

மூன்று வருடக் குறிப்புகளைக் கேளுங்கள். "ஒத்திவைப்பு" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

ஜூன் 29
ஏழு முறை என்கிறார். அடேயப்பா.

எதில் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். லாபி சோபாவின் நிறத்தை ஒத்திவைத்தால் தப்பில்லை. அவர் அனுப்பிய படத்தில் மூன்று சோபா, மூன்று வெளிச்சுவர், ஒன்று லிஃப்ட். கூரை மாற்றிய வருடம் 2017, நல்லது. உங்கள் பங்கு சதவீதத்தை டிக்ளரேஷனில் (காண்டோவின் அடிப்படைப் பத்திரம்) பார்த்து, சுவர் வேலைக்கு நியாயமான ஒரு தொகையால் பெருக்கி, அதை விலையில் குறைத்துக் கேளுங்கள். விற்பவருக்கும் அந்தக் குறிப்பு தெரியும்.

செப்டம்பர் 8
எனக்கே ஒரு கணக்கு. எங்கள் கட்டடத்தில் என் வீட்டுக்கு நேர் கீழே, அதே அளவு, போன மாதம் 1,98,000-க்குப் போனது. நான் கொடுத்ததைவிட 12,000 குறைவு. ஸ்பெஷல் அசெஸ்மென்ட் 12,070 தனி. ஆக 24,000 ஓட்டை. ஏறக்குறைய இரண்டரை வருடம் வாடகைக்கு இருந்திருந்தால் 60,000-க்கு மேல் போயிருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். பிறகு அசெஸ்மென்ட், வரி, வட்டி எல்லாம் கூட்டிப் பார்த்தேன், தேறுதல் கரைந்துவிட்டது. 4.75 வட்டியில் கடன் இருக்கிறது, இன்றைக்கு விற்றால் அந்த வட்டி திரும்பக் கிடைக்காது. அதனால் இங்கேதான் இருக்கிறேன்.

ஏன் வாங்கினேன் என்றால், முதல் நாள் வராந்தாவில் நடந்தபோது அந்தக் கடிதக் குழாயைப் பார்த்தேன், மேல்மாடியிலிருந்து கீழ் வரை கண்ணாடி போட்டது. அதைப் பார்த்த பிறகு எதையும் கணக்குப் பார்க்கவில்லை. இதை மார்ச்சிலேயே ஒப்புக்கொண்டிருக்கலாம்.

அக்டோபர் 5
கேள்வி கேட்டவர் 1,89,000-க்கு முடித்துவிட்டாராம். வாழ்த்துகள். ரசமட்டம் கொண்டு போனாராம், பெட்ரூமுக்கு ஜன்னல் உண்டாம், எதிர்ச் சுவரைப் பார்த்து. கருவாடு பற்றி எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 17
எங்கள் சாரத்தை நேற்று இறக்கிவிட்டார்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஹாலில் வெயில் விழுந்தது. விழுந்ததும் தெரிந்தது, ஜன்னல் முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. உள்பக்கம் நான் துடைத்துவிட்டேன். வெளிப்பக்கம் பதினொன்றாவது மாடி. அது என் பொறுப்பா அசோசியேஷன் பொறுப்பா என்று டிக்ளரேஷனில் தேடிக்கொண்டிருக்கிறேன், 64-ஆம் பக்கம் வரை வந்திருக்கிறேன்.